கதிரவன் பொது, கதிர்த்தகடு யாருடையது?



கதிரவன் எந்நாட்டின் தனியுடைமையும் அன்று. அவன் ஒளியை மின்னாக்கும் தகடோ, அதைச் செய்யத் தெரிந்தவன் உடைமை. இவ்வேறுபாட்டை உணராத நாடு, எண்ணெய்க்குக் கையேந்துவதை விட்டுத் தகட்டுக்குக் கையேந்துமேயன்றி, விடுதலை பெறாது.

இந்திய அரசு 2010-இல் நேரு பெயரால் கதிரவ ஆற்றல் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2022-க்குள் 20,000 மெகாவாட்டு என்பதே அன்று வகுத்த அளவு. உள்நாட்டுத் தகட்டையே பொருத்துக என்னும் கட்டுப்பாடும் அதில் இருந்தது. ஆயின், முதற்கட்டத்தில் அது படிகச் சிலிக்கான் தகட்டுக்கு மட்டுமே. மென்படலத் தகட்டுக்கு விலக்கு. அவ்விடுக்கு வழியே, அமெரிக்க அரசின் ஏற்றுமதி வங்கி தந்த குறைவட்டிக் கடனுடன் அந்நாட்டுத் தகடுகள் நுழைந்தன.

அதுவும் போதவில்லை. 2013-இல் அமெரிக்கா உலக வணிக அமைப்பில் வழக்கிட்டது. அரசுக் கொள்முதலில் உள்நாட்டுப் பொருளுக்கு முதலிடம் தரலாம் என்றது இந்தியா. அரசு வாங்குவது மின்னாற்றல், கட்டுப்பாடோ தகட்டின்மேல், இரண்டும் ஒன்றல்ல என்று 2016-இல் மேல்முறையீட்டு மன்றம் அதைத் தள்ளியது.

மறுபக்கத்தையும் காண்க! அதே ஆண்டில், அமெரிக்காவின் 8 மாநிலங்கள் தம் உள்நாட்டுப் பொருளுக்குத் தந்த ஊக்கத்தொகையை எதிர்த்து இந்தியா வழக்கிட்டது. 2019-இல் நடுவர் குழு இந்தியாவின் பக்கம் தீர்த்தது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. ஆனால், புதிய நடுவர்களை அமர்த்தவொட்டாமல் அமெரிக்காவே தடுத்து வந்தமையால், அவ்வாண்டு இறுதியில் அம்மன்றமே செயலற்றது. வழக்குத் தொங்கிற்று. 2022-இலோ, உள்நாட்டு உறுப்புகளைப் பயன்படுத்துவோர்க்குக் கூடுதல் வரிக்கழிவு தந்து அமெரிக்கா சட்டம் இயற்றியது. எளியவனுக்கு ஒரு நெறி; வலியவனுக்கு வேறொரு நெறி!

எனினும், பிறரைப் பழிப்பதோடு நின்றால் பயனில்லை. இந்தியா 2018-இல் நூற்றுக்கு 25 காப்புவரி விதித்தது. 2022-இல் தகட்டுக்கு 40, கலத்துக்கு 25 என இறக்குமதி வரி விதித்தது. தகட்டின் விலை ஏறிற்று; தகடு கோக்கும் ஆலைகளும் பெருகின. ஆனால் தகட்டுக்கு அடிப்படை கலம். கலத்துக்கு அடிப்படை சிலிக்கான் சில்லு. சில்லுக்கு அடிப்படை தூய சிலிக்கான். 2022 அளவில் இவ்வெல்லாக் கட்டங்களிலும் உலக ஆக்கத்தில் நூற்றுக்கு 80-க்கு மேல் சீனத்தின் கையில் இருந்தது. வெளியிலிருந்து வந்த கலத்தை இங்கே கோப்பது தற்சார்பாகுமா?

வரி என்பது பயிருக்கு இட்ட வேலி. வேலி விளையாது, உழவே விளைவிக்கும். ஆய்வும் கைத்திறனும் தாய்மொழியில் பெற்ற அறிவியலுமே அவ்வுழவு. வேலியை மட்டும் உயர்த்திவிட்டு உழாதிருந்தால், ஏறிய விலையைக் குடிமக்கள் சுமப்பர். அறிவோ அயலான் கையிலேயே இருக்கும்.

வேலியும் வேண்டும், உழவும் வேண்டும்!