கம்ப்யூட்டருக்கு வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுப்பது யார்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கணக்காளர் பயிற்சிக் குழுவின் சார்பில் பேசியது)



குழுக் கணக்கு நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. கூடவே ஒரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. "ஏக்கா, வட்டி இவ்வளவு வருது?" என்று உறுப்பினர் கேட்டால், "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது" என்று பதில் வரும். கேட்டவரும் வாயை மூடிக்கொண்டு கட்டிவிட்டுப் போவார். அதுவே நோட்டாக இருந்தால், "எங்க காட்டு, கூட்டிப் பார்ப்போம்" என்று உட்கார்ந்திருப்பார். அந்தத் தைரியம் போய்விடக் கூடாது என்றுதான் இன்று இதைப் பேசுகிறோம்.

கம்ப்யூட்டர் தானாக யோசித்து வட்டி போடுவதில்லை. முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கட்டளை வரிசைக்குப் பெயர்தான் புரோகிராம். தமிழில் நிரல் என்கிறார்கள்.

இது நமக்குப் புதுசு இல்லை. மார்கழியில் கோலப் புத்தகத்தைப் பார்த்து "7 புள்ளி, இடைப்புள்ளி, 4-ல் நிறுத்தவும்" என்று படிக்கிறோம். ஒரே வரிதான். நடுவில் 7 வைத்து, மேலும் கீழும் 6, 5, 4 என்று குறைத்துக்கொண்டே போய் நிறுத்துகிறோம். எண்ணிப் பாருங்கள், 37 புள்ளி வரும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு லூப் என்று பெயர். எப்போது நிறுத்துவது என்பது நிபந்தனை. "4-ல் நிறுத்தவும்" என்ற சொல் விட்டுப் போனால் புள்ளி 3, 2, 1 என்று கூம்பிவிடும். நாம் படத்தைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் சுதாரிக்காது.

நம் கோலத்தைப் படித்தவர்களும் விடவில்லை. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தின் விதிகளைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதி 1974-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் எனியாக் என்ற பெரிய கம்ப்யூட்டருக்கு 1945, 46-ல் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அந்தக் காலத்தில் 'கம்ப்யூட்டர்' என்றால் மெஷின் இல்லை, கணக்குப் போடும் ஆள்! "கம்ப்யூட்டர் எல்லாம் பசங்க சமாச்சாரம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது நம் கடனுக்கு வருவோம். ஒரு உறுப்பினர் 10,000 ரூபாய் வாங்குகிறார். மாதம் 1,000 அசல், பத்து மாதம். வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய். கம்ப்யூட்டருக்கு இப்படி எழுத வேண்டும்:

பாக்கி அசலைப் பார்.
அதில் நூறில் ஒரு பங்கை வட்டியாக எழுது.
கட்டிய அசலைப் பாக்கியில் கழி.
பாக்கி இன்னும் இருந்தால் முதல் வரிக்குப் போ. இல்லையென்றால் நிறுத்து.

இதன்படி வட்டி 100, 90, 80 என்று குறைந்து கடைசி மாதம் 10 ரூபாயில் நிற்கும். மொத்தம் 550 ரூபாய். முதல் இரண்டு வரியில் "பாக்கி அசல்" என்பதற்குப் பதில் "வாங்கிய அசல்" என்று எழுதியிருந்தால்? பத்து மாதமும் 100, மொத்தம் 1,000 ரூபாய். இரண்டிலும் சொல்வது "நூற்றுக்கு ஒரு ரூபாய்"தான். ஒரு சொல்லில் 450 ரூபாய் போய்விடுகிறது. கம்ப்யூட்டர் இரண்டையும் பைசா பிசகாமல் போடும். கூட்டலில் தப்பே இருக்காது.

மூன்றாவது வரியையும் பாருங்கள். "கட்டிய அசலை" என்று இல்லாமல் "1,000 ரூபாயைக் கழி" என்று எழுதினால் என்ன ஆகும்? ஒரு மாதம் 500 மட்டும் கட்டியவருக்கும் ஆயிரம் கழியும், குழுவுக்கு நஷ்டம். பயிர் விற்ற காசில் 2,000 சேர்த்துக் கட்டியவருக்கும் ஆயிரம்தான் கழியும், அவருக்கு நஷ்டம். ஒழுங்காகக் கட்டுகிறவர் கணக்கில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. அதனால் புதுசாக ஒரு புரோகிராம் வந்தால் நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள். சரியாகக் கட்டியவர், குறைத்துக் கட்டியவர், கூடுதலாகக் கட்டியவர், ஒரு மாதம் கட்டாதவர். நாலையும் முதலில் கையால் போட்டுக்கொண்டு, பிறகு திரையில் வருவதோடு ஒத்துப் பாருங்கள். பயிற்சியில் எங்களைக் கேட்டால் இதுதான் முக்கியமான பாடம். பட்டன் தட்டுவது ரெண்டு நாளில் வந்துவிடும்.

வங்கியில் மாதாமாதம் ஒரே தொகையாகத் தவணை கட்டுகிறவர்களுக்கு அசல் ஆயிரம் ஆயிரமாகக் கழியாது. ஆரம்பத்தில் வட்டி அதிகமாகவும் அசல் குறைவாகவும் போகும். அங்கேயும் வட்டி பாக்கி அசலுக்குத்தானா என்று பார்த்தால் போதும்.

சிறுகடன் நிறுவனங்களில் கடன் வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. வட்டியும் மற்ற கட்டணங்களும் விளக்கிய விவரத்தாள், உங்களுக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை, இரண்டும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது. கையில் இல்லாதவர்கள் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பேர் கடன் அட்டையும் ஒரு வெள்ளைத்தாளும் கொண்டு வாருங்கள். எழுதப் படிக்க வராதவர்களும் வரலாம், வாயால் சொன்னால் நாங்கள் எழுதுகிறோம். உங்கள் கடனுக்கான கட்டளையை நீங்களே வரிவரியாகச் சொல்ல வேண்டும். கால்குலேட்டர் இங்கே இருக்கிறது.