மதுரையில் ஓரிரவு: எங்கே உண்பது?

வெளியூரில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மாலை வண்டியில் வருகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் மதுரையில் இறங்குவேன். மறுநாள் காலையில் இராமேசுவரத்துக்குப் புறப்பட வேண்டும். நடுவில் இருப்பது ஓர் இரவுதான். கோயிலைப் பற்றி நீர் சொல்ல வேண்டாம், அதைப் படித்திருக்கிறேன். எங்கே உண்பது? அதை மட்டும் சொல்லும்" என்றார்.

கேள்வி சிறியது போலத் தோன்றும். ஆனால், பசியோடு ஊருக்குள் நுழைபவனுக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறில்லை. அவருக்கு நான் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைகளின் பெயர்களை நான் கூறப்போவதில்லை. வானொலியில் வணிகப் பெயர்களைக் கூறுவது முறையன்று என்பது ஒரு காரணம். கடைகள் கைமாறும், இடம் மாறும், சுவையும் மாறும் என்பது மற்றொரு காரணம். தெருக்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. எந்தெந்த நேரத்தில் எதை உண்பது என்னும் ஊர் வழக்கமும் விரைவில் மாறுவதில்லை. ஆகவே, தெருவையும் நேரத்தையும் அறிந்துகொண்டால் உணவு தானே கிட்டும்.

மதுரைப் பழநகரின் அமைப்பு எளியது. நடுவில் திருக்கோயில். கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள். வெளியே சித்திரை வீதிகள். அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள். அதற்கும் அப்பால் மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதிகள். திங்களின் பெயர் தெரிந்தவன் மதுரையில் வழி தவற மாட்டான். புகைவண்டி நிலையம் மேல வெளி வீதியில் இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் எதிரே தோன்றுவது மங்கம்மாள் சத்திரம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகள் அமைத்ததற்கும் வழிப்போக்கர்க்குச் சத்திரங்கள் கட்டியதற்கும் இன்றளவும் போற்றப்படுபவர். ஊருக்குள் நுழைபவனை முதலில் வரவேற்பது அவர் பெயர் என்பது பொருத்தமே.

இரவில் மதுரை விழித்திருப்பது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளைக் கொண்டது. பத்துப்பாட்டில் மிக நீண்ட பாட்டு அதுவே. அதில் பகற்கடையாகிய நாளங்காடியும் வருகிறது. இரவுக்கடையாகிய அல்லங்காடியும் வருகிறது. இரவு முதிர்ந்த வேளையிலும் மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும், இனிய அப்பமும் விற்பவர்கள் தம் பண்டங்களோடு அமர்ந்தபடியே உறங்கிவிழும் காட்சியைப் புலவர் காட்டுகிறார். வீட்டுக்குச் சென்று படுக்கவில்லை; கடையை மூடவும் இல்லை; இருந்த இடத்திலேயே கண்ணயர்கிறார்கள். ஏன்? இன்னும் ஒருவன் பசித்து வரக்கூடும் என்னும் எண்ணம்தான். விற்பனையில் உள்ள ஆசை என்றும் கூறலாம். இரண்டும் கலந்ததே வாணிகம்.

இனி, நண்பருக்குச் சொன்ன வழிக்கு வருவோம். ஒன்பது மணிக்கு மேல் இறங்குகிறவர் முதலில் கிழக்கு நோக்கி டவுன்ஹால் சாலையில் நடக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மேலைக் கோபுரம் எதிர்ப்படும். அந்நேரத்தில் அம்மைக்குப் பள்ளியறைப் பூசை நெருங்கியிருக்கும். கோயிலுக்குள் செல்வது இயலாமற் போகலாம். அதற்காக வருந்த வேண்டா. கோபுரத்தை வெளியே நின்று வணங்கிவிட்டு மாசி வீதிகளின் பக்கம் திரும்பலாம்.

மரக்கறி உண்பவர் தேட வேண்டியது இட்டிலி. இட்டிலி எங்கும் கிடைக்குமே என்பீர்கள். உண்மைதான். ஆனால், மதுரைக்காரர் அதை இரவு உணவாகக் கொண்டாடுவது போல வேறோர் ஊரில் நான் கண்டதில்லை. நல்ல கடையை அறிய ஓர் அடையாளம் உண்டு. இட்டிலித் தட்டில் துணி விரித்து மாவை ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். ஓர் ஈடு தீர்ந்த பின்னரே அடுத்த ஈடு ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். அவ்வாறாயின் தயங்காமல் அமருங்கள். இலையில் இட்டிலி விழுமுன்னே வெண்மை, சிவப்பு, பச்சை என்று மூன்று நான்கு சட்டினிகள் வந்து இடம் பிடித்துக்கொள்ளும். தேங்காய், தக்காளி, மல்லி அல்லது புதினா, பிறகு மிளகாயின் காரம் மிகுந்த ஒன்று. சாம்பார் வேறு உண்டு. இவ்வளவு துணையோடு வரும் இட்டிலிக்குத் தனியே ஒரு சுவை வேண்டியதில்லை. அது மென்மையாக இருந்தால் போதும்.

புலால் உண்பவர்க்கு வழிகாட்டி தேவையில்லை, காதே போதும். இரும்புக் கல்லின்மேல் இரண்டு தகடுகள் தாளம் தட்டும் ஓசை எங்கிருந்து வருகிறதோ அங்கே கொத்துப் பரோட்டா உருவாகிறது. பரோட்டாவும் சால்னாவும் இல்லாத இரவு மதுரைக்கு இல்லை. வைகையை நோக்கிச் செல்லும் வழியில் சிம்மக்கல் பகுதியில் கறிதோசை என்னும் ஒரு பண்டம் உண்டு. தடித்த தோசையின்மேல் முட்டையைப் பரப்பி, அதன்மேல் முன்னரே சமைத்த கொத்துக்கறியை அடுக்கி, திருப்பிப்போட்டு வேகவைப்பார்கள். ஒன்று உண்டவன் இரண்டாவதைக் கேட்பதற்குமுன் சற்றுச் சிந்திப்பது நல்லது. மறுநாள் பயணம் இருக்கிறது.

கோடையாக இருந்தால் விளக்குத்தூண் பக்கம் சென்று ஜிகர்தண்டா பருகலாம். ஊறிப் பெருத்த பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரிப் பாகு, மேலே பனிக்கூழ். பெயர் வடபுலத்தது, பொருளோ உள்ளம் குளிர்விப்பது. மதுரை வெயிலை அறிந்தவர்க்கு அந்தப் பெயரின் நியாயம் விளங்கும்.

இவ்வளவும் பத்து, பதினொரு மணிக்குள் ஊருக்குள் வருபவர்க்கு. அதற்குப் பின் வருபவன் என்ன செய்வான்? இங்கேதான் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரை மருத்துவத்துக்காக மதுரைக்கு அழைத்து வந்தேன். வழியில் பேருந்து பழுதுபட்டு நின்றுவிட்டது. நாங்கள் ஊர் சேர்ந்தபோது நள்ளிரவு கடந்து ஒரு மணி. தந்தையார் நீரிழிவு நோயாளர்; உணவு தவறினால் கை நடுங்கத் தொடங்கும். நாங்கள் தங்கிய விடுதியில் கேட்டோம். அடுப்பணைத்து இரண்டு மணி நேரமாயிற்று என்று கூறி, அறையின் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் சாவியை உண்ண முடியாதல்லவா? தந்தையாரைத் திண்ணையில் அமர்த்திவிட்டுத் தெருவில் ஓடினேன். ஒரு முனையில், தள்ளுவண்டி ஒன்றில் ஓர் அம்மையார் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கடை முடிந்துவிட்டது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆயினும் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பெரியவரு பசியோட இருக்காரா? மாவு கொஞ்சம் கெடக்கு. ஒரு ஈடு ஊத்திடுறேன், கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார். அணைந்த அடுப்பை மீண்டும் மூட்டினார். அதற்குள் ஒரு குவளை வெந்நீரில் சர்க்கரை கலந்து தந்தையார் கையில் கொடுத்தார். பத்து நிமிடத்தில் ஆவி பறக்கும் இட்டிலி வந்தது. தேங்காய்ச் சட்டினி தீர்ந்துவிட்டதென்று மிகவும் வருந்தினார். கூடுதலாகப் பணம் நீட்டினேன். இட்டிலிக்கு உரியதை எண்ணி எடுத்துக்கொண்டு, எஞ்சியதை என் கையிலேயே திணித்தார். "சர்க்கரைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "அது கடைக் கணக்கில்ல" என்றார்.

அறைக்குத் திரும்பும் வழியில் தந்தையார் சொன்னார்: "ஆபுத்திரன் இருந்த ஊரல்லவா இது!"

அவர் கூறியது மணிமேகலைக் கதை. ஆபுத்திரன் யாருமற்றவன், பெற்றவளால் கைவிடப்பட்டு, வளர்ந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு, மதுரைக்கு வந்தவன். சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கினான். வீடுதோறும் பிச்சை ஏற்றுவந்து, குருடர், செவிடர், முடவர், நோயாளர், ஆதரவற்றவர் யாவரையும் அழைத்து ஊட்டிவிட்டு, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலைக்கு வைத்து உறங்குவான். ஒருநாள் மழைக்காலத்து நள்ளிரவில், நெடுவழி நடந்து களைத்த சிலர் அவனை எழுப்பி, "பசிக்கிறது" என்றார்கள். அவனிடம் ஒன்றுமில்லை. அந்நேரத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? அவன் கலங்கி நின்றபோதுதான் சிந்தாதேவி தோன்றி, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்தாள் என்று கூறுகிறார் சாத்தனார். அந்தப் புலவரை மதுரைக் கூலவாணிகன் என்று வழங்குவார்கள். தானிய வணிகர் அல்லவா? பசியின் அளவை அவர் நன்கு அறிந்திருப்பார்.

எனக்கு அந்தக் கதையில் வியப்பளிப்பது பாத்திரமன்று, நேரம்தான். பகலில் வந்த பசிக்கு ஆபுத்திரன் தானே வழிகண்டான். இரவில் வந்த வழிப்போக்கரின் பசிக்குத்தான் தெய்வம் வரவேண்டியிருந்தது. நள்ளிரவுப் பசி அவ்வளவு கடியது. இன்று அந்த வேலையைத் தள்ளுவண்டிக்காரர்கள் செய்கிறார்கள். அவர்கள் வண்டியில் அமுதசுரபி இல்லை. அளந்து கரைத்த மாவும் கடன் வாங்கிய முதலும்தான் இருக்கின்றன.

அவர்கள் இல்லாத மதுரை எப்படி இருக்கும் என்பதையும் நாம் கண்டோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. அவ்வாண்டு சித்திரையில் அழகர் வைகைக்கு எழுந்தருளவில்லை. இரவில் மாசி வீதிகள் இருண்டு கிடந்தன. தூங்கா நகரம் என்னும் பெயரை நகரத்துக்கு வாங்கித் தந்தவை கோபுரங்கள் அல்ல, அடுப்புகளே என்பது அப்போது எனக்குப் புலனாயிற்று. கோபுரங்கள் நின்றன, ஆனால் ஊர் உறங்கியது. மீண்டும் அடுப்புகள் எரியத் தொடங்கியபோது, சில முனைகளில் பழைய வண்டிகள் திரும்பவில்லை. எனக்கு இட்டிலி தந்த அம்மையாரின் வண்டியும் அவற்றுள் ஒன்று. அவர் எங்கே சென்றார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டேன், எவரும் சொல்லவில்லை.

தெருவோர வணிகர்களின் வாழ்வைக் காப்பதற்கென்று 2014ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றியது. அது நன்று. ஆனால், நடைபாதையை அடைக்கும் இடையூறு என்று மட்டுமே பகலில் நாம் அவர்களைப் பார்த்தால், எந்தச் சட்டமும் அவர்களை முழுவதும் காக்காது. நள்ளிரவில் ஒருமுறையேனும் பசித்து நின்றவன் அவர்களை அப்படிப் பார்க்க மாட்டான்.

நண்பருக்குக் கூறியதில் விடியற்காலை எஞ்சியிருக்கிறது. ஐந்து மணிக்கு எழுந்து கோயிலுக்குச் செல்லுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும். வெளியே வந்ததும் ஒரு குவளை பருத்திப்பால் கிடைக்குமானால் பருகுங்கள். ஊறவைத்த பருத்தி விதையை ஆட்டிப் பாலெடுத்து, அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தேங்காய்த் துருவலும் இட்டுத் தருவார்கள். நெஞ்சுக்கு இதம், பயணத்துக்கு ஏற்ற உணவு. பிறகு ஒரு காப்பி. அதன்பின் இராமேசுவரம்.

நண்பர் அவ்வாறே வந்து சென்றார். சென்றவர் மீண்டும் அழைத்து, "எல்லாம் உண்டேன். ஆனால் எந்தக் கடையின் பெயரும் நினைவில்லை" என்றார். "உணவு இட்டவர் முகம் நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்கிறது" என்றார்.

அது போதும். ஓரிரவு மட்டும் ஒரு பழம்பெரும் நகரில் தங்குபவன் அதன் வரலாறு முழுவதையும் அறிந்துவிட முடியாது. ஆனால், அந்நகரம் அயலானைப் பட்டினியாக உறங்கவிடுமா, விடாதா என்பதை அறிந்துகொள்ளலாம். நீங்கள் மதுரைக்கு வரும் இரவில் எங்கேனும் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால், அங்கே அமருங்கள். பேரம் பேசாமல் உண்ணுங்கள். எழும்போது, "நன்றாக இருந்தது, அம்மா" என்று ஒரு சொல் சொல்லுங்கள். அதுவும் கடைக் கணக்கில் சேராதது.