உலக்கையும் மேடையும்



வன்பரணர் முதலிய சங்கப் புலவர்கள் பாடிய வல்வில் ஓரியின் கொல்லிமலை, இன்று நாமக்கல் மாவட்டத்தில் மலையாளிப் பழங்குடியினர் உழுது வாழும் நிலமாகும். சாமையும் தினையும் பனிவரகும் கேழ்வரகும் அங்கு விளைந்தன. அவையே அம்மக்களின் உணவாகவும் விளங்கின. பின்னர் மரவள்ளி மலையேறியது. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குப் பணம் தந்தன. நியாய விலைக் கடை அரிசி தந்தது. சிறுதானியக் காடுகள் சுருங்கின.

உணவு மாறவே உடலும் மாறிற்று. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ ஏறத்தாழ 10 மில்லிகிராமே உண்டு. மரவள்ளி வயிற்றை நிரப்பும். புரதமும் இரும்புச் சத்தும் மிகுதியாகத் தாராது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர் எனக் கண்டது.

1988இல் சென்னையில் தோன்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கப் பணியாற்றியது. 2011இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தோடு இணைந்து, ஊட்டக்குறை போக்கும் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. இளைஞர்க்கான நாடகப் பட்டறையும் அப்பணியில் ஒரு வழியாயிற்று.

இத்தகைய பட்டறையில் எளிதில் உருவாகும் நாடகம் ஒன்றுண்டு. பொட்டலத் தின்பண்டம் தின்ற இளைஞன் நோயுறுகிறான், பாட்டி தினையுருண்டை தருகிறாள், அவன் தேறுகிறான். அவையோர் கைதட்டுவர். ஆயினும் அந்நாடகம் ஒரு வினாவை மறைத்துவிடுகிறது: உரலில் குற்றியவர் யார்?

கேழ்வரகை அரைத்தால் போதும். சாமைக்கும் பனிவரகுக்கும் உமி கடினமானது. பலமுறை குற்றிப் புடைத்த பின்னரே அவை உலையேறும். உலக்கைப் பாட்டாகிய வள்ளைப்பாட்டைச் சிலப்பதிகாரம் இனிமையுறப் பாடுகிறது. அப்பாட்டு, குற்றும் பெண்ணின் தோள்வலியைச் சொல்வதில்லை. ஆதலின் சாமையைக் கைவிட்ட பெண்களை அறியாதவர் என்பது பொருந்தாது. அவர்கள் கைகளுக்கு ஓய்வு தேடினர்.

பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகஸ்தோ போவால் (1931-2009) வகுத்த விவாத அரங்கு இவ்விடத்தில் துணைநிற்கிறது. சிக்கல் முற்றும் வேளையில் நாடகம் நிறுத்தப்படும். பார்வையாளர் மேடையேறி, பாத்திரத்தின் இடத்தில் நின்று மாற்றுவழி தேடுவர். மகன் சாமைச் சோறு கேட்கிறான். காட்டுவேலை முடித்துத் திரும்பிய தாய் உலக்கையைப் பார்க்கிறாள். அங்கே நாடகத்தை நிறுத்தி, கேட்ட மகனிடமே உலக்கையைக் கொடுத்தால் என்ன நிகழும்? சத்துப் பட்டியலை மறந்துபோகும் இளைஞனும் அந்தக் கனத்தை மறக்க மாட்டான். அதன்பின் ஊருக்கோர் உமி நீக்கும் இயந்திரம் வேண்டும் என்னும் பேச்சு அவையிலிருந்தே எழும். கொல்லிமலைச் சிற்றூர்களில் அத்தகைய இயந்திரங்களை நிறுவி, சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்ததும் அந்நிறுவனத்தின் பணிகளுள் ஒன்றாகும்.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்து அங்காடிகளில் சாமைக்கு மதிப்பு ஏறிற்று. அது விளைந்த மலையின் குழந்தைக்கும் கிட்டவேண்டும். அதன்பொருட்டு அக்குழந்தையின் தாய் மீண்டும் உரலடியில் நிற்றலாகாது. நல்லுணவைக் கற்பிக்கும் நாடகம் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்கவேண்டும்.