குன்னூர்ல டம்ளர் ஏன் காயாது?

சென்னையில பாத்திரம் கழுவி கவிழ்த்தா, தானா காய்ஞ்சிடும். குன்னூருக்கு வாடகை வீடு மாறின முதல் ஐப்பசியில எனக்கு ஷாக். வடகிழக்குப் பருவமழை, ஜன்னல் வரைக்கும் மிஸ்ட். காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சு இருக்கு. பாத்திரத்து ஈரத்தை வாங்க அதுல இடமில்லை. சிங்க் பக்கத்துல தண்ணி வடியுற மேடையும் கிடையாது. துணியால துடைச்சா, அந்தத் துணியே மூணு நாளா காயலை! வாடை அடிக்குதுன்னு பொண்ணு டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தா.

பக்கத்து எஸ்டேட் லயன் வீட்டு அக்காதான் சொன்னாங்க: "கடைசி அலசல் சுடுதண்ணில அலசுங்க தம்பி."

சூடான எவர்சில்வர் தன் சூட்டாலயே ஈரத்தை ஆவியாக்கிடுது. ஆனா சரிச்சு வைக்கணும். மேடையில நேரா கவிழ்த்தா ஆவி உள்ளேயே மாட்டிக்கும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு இது பெருசா பலிக்காது, அது அவ்வளவு சூட்டைப் பிடிச்சு வைக்காது.

பின்லாந்துல 1940-கள்ல மைஜு கெப்ஹார்ட்னு ஒருத்தங்க, சிங்குக்கு மேல அடிப்பலகை இல்லாத அலமாரியை உருவாக்கினாங்க. சொட்டுற தண்ணி நேரா சிங்க்லயே விழும். அதைப் பார்த்து நானும் ரெண்டு ஆணி அடிச்சு ஒரு கம்பித் தட்டு மாட்டிட்டேன். ஹவுஸ் ஓனருக்கு இன்னும் தெரியாது.