முதுகுக்குக் கவசம் இல்லை

பௌர்ணமி ராத்திரியில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையைப் பார்த்திருப்பீர்கள். 14 கிலோமீட்டர், வெறுங்கால். உள்ளங்காலில் கொப்புளம் வந்தவர்கள்கூட ஓரமாக உட்கார்ந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மறுபடி எழுந்து நடப்பார்கள்.

நடந்தே கடக்க வேண்டிய இன்னொரு பாதையைத் தமிழில் பாடியவர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை. 1827-ல் நெல்லைச் சீமையில், வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858-ல் கிறிஸ்தவரானார். கம்பனில் ஊறிய அந்தத் தமிழ், 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமாக வந்தது. மூலக்கதை, ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்'. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்த பாத்திரம் பழுதுபார்க்கும் ஏழைத் தொழிலாளி பனியன். சோதனை என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த மூலக்கதையில் எனக்கு மறக்கவே முடியாத இடம் ஒன்று. மோட்சத்தை நோக்கி நடக்கும் யாத்திரிகன் ஒருவனை, பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்ற அரக்கன் வழிமறிக்கிறான். யாத்திரிகனுக்குப் பயம், திரும்பி ஓடிவிடலாமா என்று யோசிக்கிறான். அப்போதுதான் உறைக்கிறது: மார்புக்குக் கவசம் இருக்கிறது, முதுகுக்கு இல்லை! ஓடினால் அம்பு முதுகில்தான். அதனால் நிற்கிறான். அரைநாள் சண்டை. உடம்பெல்லாம் காயம். கையிலிருந்த வாளும் நழுவி விழுகிறது. இனி அவ்வளவுதான் என்கிற நேரத்தில், கிடந்தபடியே கையை நீட்டி அந்த வாளை மறுபடி பிடித்துவிடுகிறான்.

அந்தக் கவசத்தை பைபிளில் வர்ணித்த அப்போஸ்தலர் பவுல், எபேசியருக்கு அதைக் கடிதமாக எழுதியபோது விலங்கோடு சிறையில் இருந்தார்.