தோழரின் இதயமும் கிளையின் பொறுப்பும்

(ஃபரிதாபாத் தொழிற்பகுதியில், கட்சிக் கிளைகளின் கூட்டுக் கூட்டமொன்றில் இந்தியில் ஆற்றப்பட்ட உரையின் தமிழாக்கம்)



இந்த உரைக்குரிய தோழர் இதே அவையில்தான் அமர்ந்திருக்கிறார். தம் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. நடந்தவற்றைச் சொல்ல அவர் தடை சொல்லவில்லை. தவறுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார்.

2018 டிசம்பர். 2019 ஜனவரி 8, 9 தேதிகளின் அகில இந்தியப் பொது வேலைநிறுத்தத்திற்கான வாயிற்கூட்டங்கள் நடந்துகொண்டிருந்த நேரம். உதிரிபாகத் தொழிற்சாலையொன்றின் பிரஸ் ஷாப்பில் 11 ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த அந்தத் தோழருக்கு வயது 52. இரவுப்பணி முடித்து, உறங்காமல், காலைப்பணிக்கு வருவோரிடம் துண்டறிக்கை கொடுத்துவந்தார். படியேறும்போது நெஞ்சில் ஓர் அழுத்தம், நின்றால் குறையும். இரண்டு வாரம் அப்படியே கடந்தது. எவரிடமும் சொல்லவில்லை. வேலைநிறுத்தம் முடியட்டும் என்று எண்ணினாராம்.

கடுங்குளிரான ஒரு விடியற்காலை ஐந்து மணிக்கு, குழாயடியில் அவர் அமர்ந்துவிட்டார். மார்பின் நடுவே பாறையை ஏற்றிவைத்தது போன்ற கனம், இடக்கையில் வலி, அந்தக் குளிரிலும் வியர்வை. வாயுத் தொல்லை என்று கருதி ஓமநீர் கொடுத்தார்கள். நாற்பது நிமிடம் போனது. பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுநர் அவரை ஏற்றிச்சென்ற தனியார் மருத்துவமனை, 50,000 ரூபாய் முன்பணம் கேட்டது. பணம் திரட்ட ஒரு மணி நேரம் அலைந்தார்கள். அரசு மருத்துவமனையை அடைந்து, ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்பட்டபோது மணி எட்டரை. மறுநாள் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது.

அந்த மூன்றரை மணி நேரத்தில் உள்ளே நடந்தது என்ன? இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புப் படலம் வெடிக்கிறது. அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. அடைபட்ட குழாயை நம்பியிருந்த தசை சிறிது சிறிதாக இறக்கிறது. இறந்த தசை மீள்வதில்லை. 2021 ஜனவரி 2 அன்று கிரிக்கெட் வீரர் சௌரவ் கங்குலிக்குக் கொல்கத்தாவில், தம் வீட்டில் உடற்பயிற்சி செய்கையில் நெஞ்சில் உபாதை ஏற்பட்டது. அன்றே ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. அவர் நலம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. குழாயடியில் அமர்ந்த தொழிலாளிக்கும் அதே வேகம் கிடைக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

ஸ்டென்ட்டைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் நோயாளியிடம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் வாங்கப்பட்ட பொருள் இது. தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, 2016-இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதற்காக எந்த நிறுவனமும் திவாலாகவில்லை.

உயிர் பிழைத்தது மருத்துவர்களால். அதன் பிறகான ஆறு மாதங்கள் மற்றவர்களைச் சார்ந்தவை.

தோழர்கள் முதலில் செய்தது வாயிலில் உண்டியல் வைத்தது. வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கும் அது உதவியது. ஆனால் அவருக்கு மாத்திரை அட்டைகளில் இருந்த ஆங்கிலத்தைப் படிக்கத் தெரியாது, வெட்கத்தால் சொல்லவுமில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நான்கு நாள் விழுங்காமல் இருந்திருக்கிறார். ஸ்டென்ட் பொருத்தியவர்க்கு அது உயிராபத்து. பக்கத்து அறையில் குடியிருந்த இளந்தொழிலாளி ஒருவர் காலை மாத்திரைப் பையில் சூரியனையும் இரவுப் பையில் பிறையையும் வரைந்துகொடுத்தார். அந்த இரண்டு படங்கள் செய்த வேலையைக் கிளையின் எந்தத் தீர்மானமும் செய்யவில்லை.

பீடியை விடுவது எளிதாக இல்லை. அவர் எதிரில் பற்றவைப்பதில்லை என்று அவரோடு பணிபுரிந்தவர்கள் முடிவெடுத்தார்கள், ஓரிருவரால் இயலவில்லை. தெருப் பெண்கள் உப்பைக் குறைத்துச் சமைத்துத் தந்ததை அவர் முகஞ்சுளித்தே உண்டார்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது அவருடைய மௌனம். வேலைநிறுத்த நாளன்று அவர் கட்டிலில் கிடந்தார். அன்று மாலை செய்தி சொல்ல வந்தவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரடைப்பிலிருந்து மீள்வோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் கடுமையான மனச்சோர்வு பற்றுகிறது என மருத்துவம் கூறுகிறது. உறங்கினால் எழமாட்டோமோ என்ற அச்சம். இனி எதற்கும் பயனில்லை என்ற எண்ணம். தோழர்கள் அதைக் கோபமென்று தவறாகப் புரிந்துகொண்டு சில நாள் வருவதையே நிறுத்தினார்கள். அவருடைய மனைவிதான் கிளைச் செயலாளரைத் தேடிவந்து, “அறிவுரை சொல்ல வேண்டாம். யாராவது அவரோடு நடந்துவிட்டுப் போங்கள்” என்று கேட்டார். மருத்துவர் அனுமதித்த அளவில், முதலில் தெருமுனை வரை, பின்னர் தண்ணீர்த் தொட்டி வரை. நாளுக்கு ஒருவராக முறைவைத்து நடந்தார்கள். மூன்றாம் வாரத்தில் அவரே ஒப்பந்தக்காரரைப் பற்றி வாய்திறந்து திட்டினார். அன்றுதான் வீட்டில் நிம்மதி வந்ததாம்.

திட்டுவதற்குக் காரணமும் இருந்தது. இடத்திற்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தார் ஒப்பந்தக்காரர். 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. நோய்க்காலப் பயன் பெற்றுவரும் தொழிலாளியை அக்காலத்தில் வேலைநீக்கம் செய்யக்கூடாது என்றது அதன் 73-ஆவது பிரிவு. தகுதியுள்ளவர்க்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு உண்டு. ஒப்பந்தக்காரர் சந்தா கட்டவில்லையெனில் முதன்மை முதலாளியே பொறுப்பு. சங்கம் இவற்றை எழுத்தில் கொடுத்து, வாயிலில் நின்று, இரண்டு முறை பேச்சுவார்த்தை நடத்திய பிறகே அவர் பணிக்குத் திரும்பினார். பிரஸ் ஷாப்புக்கு அல்ல, பொருள் சரிபார்க்கும் மேசைக்கு.

ஆனால் இரண்டு வார நெஞ்சழுத்தத்தை அவர் ஏன் மறைத்தார் என்ற கேள்விக்கு ஒப்பந்தக்காரர் மட்டும் பதிலல்ல. மாநாட்டு அறிக்கைகளில் ‘ஓய்வறியாத தோழர்’ என்று எழுதப்படுகிறது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடும் கட்சி, தன் ஊழியர் பதினாறு மணி நேரம் உறங்காமல் நிற்பதைப் பாராட்டுகிறது. அந்த டிசம்பரில் இரவுப்பணி முடித்தவரிடம் துண்டறிக்கைக் கட்டைக் கொடுத்தவர்கள் கிளைத் தோழர்கள்தாம். கிளை இதை ஒப்புக்கொண்டு தன் குறிப்பேட்டில் பதிந்துள்ளது.

இப்போது அந்தக் கிளையில் வேலைப்பிரிவினை எழுதும்போது ஒவ்வொருவரின் பணிநேரமும் பக்கத்தில் எழுதப்படுகிறது. 108 எண்ணும், எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் ஈ.சி.ஜி. எடுப்பார்கள் என்பதும், ஆட்டோ ஓட்டுநரின் எண்ணும் குழாயடிச் சுவரில் இந்தியில் எழுதப்பட்டுள்ளன. மழையில் அழிந்தால் மறுபடி எழுதுவது அந்தத் தோழரின் பொறுப்பு.

சென்ற மாதம் வேறொரு கிளையின் தோழருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அவருக்கான முறைப்பட்டியலில் நாளைக் காலைக்கு மட்டும் ஆள் இல்லை. ஆறு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியருகே வரக்கூடியவர்கள், கூட்டம் முடிந்ததும் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் தோழரிடம் பெயர் கொடுக்கலாம்.