ஊர் போன பின்னும் போகாத இரகசியம்



மலேசியத் தமிழில் இளையோர் திகில் இலக்கியம் பற்றி ஜொகூர் பாருவில் ஒரு கருத்தரங்கு என்றதும், நண்பர் ஒருவர் “பேய்க் கதைக்கெல்லாமா மாநாடு?” என்று சிரித்தார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். விடியுமுன் பெயர்கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு பால்மரக் காட்டுக்குள் நுழைந்த தாயின் பிள்ளை. எந்த மரத்தடியில் யார் நாண்டுகொண்டார், எந்தக் கிணற்றை உச்சிப்பொழுதில் எட்டிப் பார்க்கக் கூடாது, எந்த வளைவில் சைக்கிள் மணியை அடிக்காமல் போகக் கூடாது என்பதெல்லாம் எங்களுக்கு எழுத்துக்கு முன்பே தெரியும். தோட்டத்தின் வரைபடத்தை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவை பேய்கள்தாம்.

இன்றைய பிள்ளைகளின் பேய்கள் வேறு ஊர்களில் இருக்கின்றன. ஸ்டீபன் கிங்கின் ‘இட்’ நாவல் 1986இல் வந்தது. டெர்ரி என்ற கற்பனைச் சிற்றூர், ஏழு சிறுவர்கள், ஊரே பேச மறுக்கும் ஒரு கொடூரம். 2016இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ அதே தடத்தில் நடந்தது. மலாயிலும் இது செழித்த துறை. தாமார் ஜாலிஸின் ‘பெர்சாக்காப் டெங்கான் ஜின்’ தொடரைத் தமிழ் இளைஞர்களான நாங்களும் கடன் வாங்கிப் படித்தோம். 1957இல் வந்த ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். தமிழில் கே. பாலமுருகன் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ எழுதி இளையோர் மர்மக் கதைக்கு ஒரு வாசல் திறந்தார். ம. நவீனின் ‘பேய்ச்சி’ பெரியவர்களுக்கான நாவல். 2019இல் வெளிவந்து, 2020இல் உள்துறை அமைச்சால் தடை செய்யப்பட்டது. தோட்டத்துக் கதை இன்னும் யாரையோ உறுத்துகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் மேலை நாட்டுச் சிற்றூர்த் திகிலை அப்படியே எடுத்து நம் மண்ணில் நட முடியாது. அங்கே ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் நூலகத்துக்குப் போகிறார்கள், பழைய செய்தித்தாளைப் புரட்டுகிறார்கள், ஊர்ப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான் குடியிருப்பு வந்தது. லய வீடுகளை இடித்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை போனது, சாமிக்கு மட்டும் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டார்கள். ஊர் போய்விட்டது, இரகசியம் போகவில்லை. அது இந்நகரை ஒட்டிய மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் குடிபெயர்ந்து, அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சிக்கு எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் இரகசியத்தைச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் குளுவாங்குக்கும் ரெங்கத்துக்கும் இடையில் இருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் பாட்டி படையல் போடுவார். தாத்தாவுக்கு ஓர் இலை, பெரியம்மாவுக்கு ஓர் இலை, வேட்டி, சேலை, கோழிக் குழம்பு, ஒரு போத்தல் ஸ்டவுட். மூன்றாவதாக ஓர் இலை, சற்றுத் தள்ளி, வாசலைப் பார்த்தபடி இருக்கும். அதில் சோறு மட்டும். “இது யாருக்குப் பாட்டி?” என்று கேட்டால், “வழியில நிக்கிறவனுக்கு” என்பார். அது பேய்க்கான இலை என்று நாங்கள் முடிவு கட்டினோம். 1976இல், மூன்றாம் படிவத்தில் படித்த நாங்கள் நால்வர், அந்தப் பேய் யார் என்று துப்பறியக் கிளம்பினோம்.

இரண்டு மாதம் ஆயிற்று. லயத்துக் கிழவர்கள் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் கல்லெடுத்து விரட்டினார். கடைசியில், கண் தெரியாத பழைய காட்டுவெட்டுக்காரர் ஒருவர் சொன்னார். அந்த இலை பாட்டியின் தம்பிக்கு. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. சாவுச் செய்தியும் வராததால் இறந்தவர் வரிசையில் அவருக்கு இடம் இல்லை. போனவர்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதிக் கொடுத்தது தோட்டத்து ஆள் ஒருவர். அவருடைய பேரன் எங்கள் நால்வரில் ஒருவன். அப்போது எங்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவர் போனது ஜப்பானியரின் சயாம்–பர்மா ரயில்பாதை போட. அதன் நீளம் 415 கிலோமீட்டர். 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். இலவசப் படம் காட்டுகிறோம் என்று அழைத்து, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றியதும் உண்டு. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மடிந்தார்கள். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்கு வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். நம்மவருக்கு அந்த வரிசையில் கல் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களே நமக்கு நடுகல்.

அந்நாவல்கள் போனவர்களைப் பின்தொடர்ந்தன. போகாதவர்கள் பிறகு ஒரே லயத்தில், ஒரே தண்ணீர்க் குழாயடியில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது இளையோர் திகிலுக்காகக் காத்திருக்கும் களம். டெர்ரி ஊர்ப் பெரியவர்கள் கண்டும் காணாதவர்களாக இருக்கிறார்கள். நம் பெரியவர்கள் கண்டவர்கள். பெயர் எழுதியவன் எந்த மிரட்டலுக்குப் பணிந்து எழுதினான், எழுதாவிட்டால் அவன் பெயரை யார் எழுதியிருப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பதினைந்து வயதில் அதைக் கேட்டு நிற்பவனுக்கு எந்தப் பொந்தியானாக் பேயும் ஈடில்லை.

இந்த ஜொகூர் மண்ணில் அப்படி இன்னும் இடங்கள் உண்டு. 1942 ஜனவரியில் பாரிட் சூலோங் பாலத்தருகே, பின்வாங்கிய படை விட்டுச் சென்ற காயம்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஜப்பானியர் கொன்று எரித்தனர். 1977 டிசம்பர் 4 அன்று கடத்தப்பட்டுத் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்த மலேசிய விமானத்தில் இருந்த 100 பேரும் மாண்டனர். அதைக் கடத்தியது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. மாண்டவர்களின் நினைவிடம் இந்நகரத்தின் ஜாலான் கெபுன் தேயில் இருக்கிறது. இவற்றைச் சுற்றி ஆவிக் கதைகள் கட்டுவது எளிது. அங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும். மாண்டவரைப் பயங்காட்டும் பொம்மையாக்கினால் அவருக்கு அது இரண்டாவது அநியாயம்.

என் வேண்டுகோள் இரண்டுதான். ஆய்வாளர்களே, பேய் கதையில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். எந்தக் கேள்விக்குப் பதிலாக அந்தப் பேயைப் பெரியவர்கள் காட்டினார்கள் என்று பாருங்கள். ஆசிரியர்களே, தாத்தா பாட்டியிடம் தோட்டத்துப் பேய்க் கதை ஒன்றைக் கேட்டு எழுதி வரும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். பேயில் தொடங்கும் பேச்சு அங்கேயே நிற்காது.

நாங்கள் துப்பறிந்த அந்த ஆண்டு தீபாவளிக்கு, பட்டியல் எழுதியவரின் பேரனான அந்த நண்பன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பாட்டி என்னை அனுப்பி அழைத்து வரச் சொன்னார். அவன் வந்து தலை குனிந்து உட்கார்ந்தான். அவன் பிறந்த நாளிலிருந்தே யார் வீட்டுப் பிள்ளை என்று பாட்டிக்குத் தெரியும். அத்தனை ஆண்டும் தெரிந்தேதான் சோறு போட்டிருக்கிறார். அன்றும் போட்டார். வாசல் பக்கத்து இலை அப்படியே இருந்தது. பாட்டி மன்னித்தாரா, அஞ்சினாரா, மறக்காதிருக்கத்தான் அப்படிச் செய்தாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. இந்த இரண்டு நாள் அமர்வுகளில் யாராவது விளக்கினால் குறிப்பெடுத்துக்கொள்வேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.